குடிலுக்குப் போன ஹினோக்கி

பதினொரு வருடம் நான் வளர்த்த மரத்தை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கணவர் எங்கள் மாதா கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காதெல்லாம் சூடாகிறது.

அது ஹினோக்கி. ஜப்பான் நாட்டு ஊசியிலை மரம். பள்ளிக்கூட ஆசிரியைகள் எல்லோருமாக நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனபோது ஒரு நாற்றுமேடையில் வாங்கினேன். அப்போது ஒரு சாண்கூட இல்லை. "கண்டிச் சூட்டுக்கு இது தாங்காது மிஸ், வேற ஏதாவது எடுங்க" என்றார் விற்றவர். நான் அதையே எடுத்து வந்தேன்.

எங்கள் வீடு ஹேவாஹெட்ட போகும் வீதியில், கண்டிக்கு மேலே ஒரு சரிவில் இருக்கிறது. காலை வெயில் மட்டும் விழுகிற கிழக்கு மூலையில் ஒரு தொட்டியில் அதை வைத்தேன். ஆற்று மணல், உடைத்த செங்கல், மக்கிய இலை கலந்த மண். வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும் என்பதால், விடாத மழைக் காலத்தில் தொட்டியின் ஒரு பக்கத்துக்குக் கல் கொடுத்துச் சாய்த்து வைப்பேன். நுனியைக் கத்தரியால் வெட்டினால் வெட்டின இடம் கருகும். விரலால்தான் கிள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: பச்சை இல்லாத பழைய கட்டை வரைக்கும் ஒரு கிளையை வெட்டிவிட்டால், அதில் பிறகு துளிரே வராது. கொய்யா மாதிரி, செவ்வரத்தைப் பூச்செடி மாதிரி அது திரும்பத் தழைக்காது.

இதெல்லாம் என் கணவருக்கும் தெரியும். பதினொரு வருடம் கேட்டுச் சலித்தவர்தானே.

அந்த டிசம்பரில் என் தங்கைக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். ஒரு கிழமை, ஏழு நாளும், நான் அவளோடு இருந்தேன். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, முதல்நாள் பின்னேரம்தான் அவளை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். மூலையில் தொட்டி நின்ற இடம் வட்டமாக வெறுமையாக இருந்தது. யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"நான்தான் குடுத்தனான்" என்றார் அவர், பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல். "பாலன் பிறந்த குடிலுக்குப் பக்கத்தில வைக்கவெண்டு கோயில் ஆக்கள் வந்து கேட்டவை. இல்லையெண்டு சொல்லேலுமோ?"

"அது என் மரம்ங்க."

"ஓம், திரும்பக் கொண்டுவந்து தருவினம் தானேயப்பா."



மறுநாள் காலைப் பூசையில்தான் மரத்தைக் கண்டேன். பனி பெய்த மாதிரி இருக்க வேண்டும் என்று இலையெல்லாம் வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். உச்சியை வெட்டி அங்கே ஒரு நட்சத்திரத்தைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். சுவரோடு ஒட்டி நிற்பதற்காக ஒரு பக்கத்துக் கிளைகளை அடியோடு வெட்டியிருந்தார்கள். வெட்டின இடங்கள் எல்லாம் வெறும் கட்டை. சுற்றிலும் எல்லோரும் பாடினார்கள். நான் வெட்டின கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்ததும் கோயில் சபைச் செயலாளரைப் பிடித்தேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எப்போதும் சிரித்த முகம்.

"யார் இதை வெட்டினது?"

"நான்தான் டீச்சர். நட்சத்திரம் நேரா நிக்கல. சுவத்துலயும் இடிச்சுச்சு. எப்படி, அழகா இருக்கா?"

"வெட்டின பக்கம் இனிமே வளராது. தெரியுமா உங்களுக்கு?"

"மரம் தானே டீச்சர். தண்ணி ஊத்துனா வந்துரும்."

"வராது."

அவர் சிரிப்பை விடவில்லை. "ஆண்டவருக்குக் குடுத்த பிறகு கணக்குப் பாக்கலாமா டீச்சர்?"

"நான் குடுக்கலையே! என்கிட்ட யாரு கேட்டா?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண், நத்தாரும் அதுவுமாக எதற்கு இந்தச் சண்டை என்பது போல முகத்தைச் சுளித்தாள். ஃபாதர் வந்து, மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். இன்னும் பன்னிரண்டு நாள், காற்றில்லாத மூலையில், சூடான பல்புகளுக்கு நடுவில். என்னால் முடியாது என்று அவரிடமே சொன்னேன். பிறகு வெளியே போய் ஒரு த்ரீவீலரைக் கூட்டி வந்து, கணவரைப் பார்த்தேன். அவர் வந்து தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நடுவழியால் வெளியே வந்தோம்.

விடுமுறை முழுவதும் பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு இலைக்கொத்தாகத் தேய்த்தேன். பெயின்ட் பாதிதான் போனது. போகாத கொத்துகள் மாசி முடிவதற்குள் பழுப்பாகி உதிர்ந்தன. உச்சிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கிளையை நிமிர்த்தி மூங்கில் குச்சியில் கட்டினேன். அது மெதுவாக மேலே ஏறியது. சுவர்ப் பக்கம் மொட்டையாகவே நின்றது. இன்றும் அப்படித்தான் நிற்கிறது.

மரம் பாழானதைவிட எனக்கு ஆறாதது வேறு. "குடிலில் இருந்து மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போன டீச்சர்" என்று கோயிலில் என்னைப் பற்றித்தான் கதை. வெட்டினவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் பென்சிலைக் கேட்காமல் எடுத்தால் மன்னிப்புக் கேட்க வைப்பேன். இத்தனை பெரியவர்களில் ஒருவருக்குமா அது தெரியாது?

அடுத்த டிசம்பரில் அதே செயலாளர் எங்கள் கேட்டுக்கு வந்தார். நான் உள்ளே சமையலில் இருந்தேன். கணவர்தான் போனார்.

"சேர், இந்த வருஷமும் அந்த மரம்..."

கணவர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்:

"அது என்ர மரமில்லை. போன முறை நான் குடுத்தது பிழை. அவவிட்டக் கேளுங்கோ."

நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன். "முடியாது" என்றேன். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. செயலாளரும் கேட்கவில்லை.