எண்ணாமல் ஏறிய லாரி

இன்று பஸ் நிலையத்தில் நனைந்த தார்ப்பாயின் வாடை வந்ததும், என் இரண்டு பேரப்பிள்ளைகளின் கையையும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

எழுபதுகளில் கொழிஞ்சாம்பாறைத் தோட்டத்தை விற்றுவிட்டுச் சாந்தன்பாறை ஏலக்காட்டுக்குக் குடிபோன அன்று, பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரின் பிள்ளைகளாக நாங்கள் பதினொரு பேர்; எங்களை உரலுக்கும் நெல்மூட்டைக்கும் கோழிக்கூடைக்கும் நடுவே லாரியில் ஏற்றி, மழையில் நனைந்த தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள்.

"எல்லாரும் ஏறியாச்சுங்களா?" என்றார் டிரைவர்.

"ஏறியாச்சுங்க. புள்ளைகளத் தலையெண்ணக் கூடாதுங்க, கண்ணு பட்டுரும்" என்றார் பெரியம்மா.

எட்டு வயதுக்காரி நான் மனதுக்குள் எண்ணிவிட்டேன். பத்துதான் வந்தது. நாலு வயதுத் தங்கை வள்ளி இல்லை. சொன்னால் எண்ணியது தெரிந்துவிடுமே என்று பயந்து, ஒருவேளை முன்னால் அம்மா மடியில் இருப்பாளோ என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டு, பொள்ளாச்சி வரை வாயைத் திறக்கவில்லை.

அங்கே டீ குடிக்க நிறுத்தியபோது அம்மா இறங்கி வந்து, "வள்ளி உங்ககூடத்தானே இருக்கறா?" என்றாள். லாரி திரும்பியது.

பூட்டிய வீட்டின் வாசலில் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தவள் என்னைத்தான் பார்த்தாள். "நீயுமாக்கா என்னை மறந்துட்டே?"

மறக்கவில்லை என்று அவளிடம் இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.