இரண்டு பிரிவுக்கும் ஒரு றெஜினா டொக்டர்

மன்னார் மிருக வைத்தியர் கந்தோரில், ஆடுகளுக்கான தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் டொக்டர் றெஜினாவின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, அக்கா போயிட்டா" என்றார். எலிக்காய்ச்சல். மாட்டுப் பட்டிச் சேற்றில் நாள் முழுக்க நின்றவருக்கு அது வேறு எங்கிருந்து வந்திருக்கும்? முதல் மூன்று நாளும் காய்ச்சலோடுதான் வேலைக்கு வந்தார். வீட்டுக்குப் போகச் சொன்னேன். "போனா ஆர் பாக்கிறது, அண்ணை?" என்று கேட்டார். நான் அதோடு விட்டுவிட்டேன். பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. நான் பன்னிரண்டு வயது மூத்தவன். அவருக்குக் கீழே ஒன்பது வருடம் கால்நடை உத்தியோகத்தராக இருந்தேன். அவர் மன்னாருக்கு நியமிக்கப்பட்டவர். பக்கத்து முசலிப் பிரிவுக்கு ஆள் இல்லாததால் அதையும் "பதில் கடமை" என்று அவர் தலையில் கட்டினார்கள். ஒரு மாதத்துக்குத்தான் என்றார்கள். அந்த ஒரு மாதம் ஆறு வருடமாகியும் முடியவில்லை. கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள். இவரும் ஒருமுறை விண்ணப்பப் படிவம் எடுத்தார். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். "நிரப்பிக்கொண்டிருக்கேக்குள்ளை ஒரு ஆடு வந்திட்டுது" என்றார். அவர் பகிடி விட்டால் முகம் சிரிக்காது, நாங்கள்தான் சிரிப்போம்.

ஹனீபா நானாவின் பசு செத்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாத பாதியை நான் சொல்லியாக வேண்டும். முசலியில் அந்தப் பசுவுக்குக் கன்று குறுக்கே கிடந்து ஈன முடியவில்லை. காலையிலேயே நானா கந்தோருக்கு அழைத்தார். டொக்டரோ தலைமன்னாரில், மன்னார்த் தீவின் அந்தக் கரையில், இன்னொரு பசுவோடு நின்றார். அவர் இப்போதைக்குக் கிளம்பமாட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், மனுசன் பதறுகிறாரே என்று, "டொக்டர் வந்துகொண்டிருக்கிறா, பயப்பிடாதேங்கோ" என்றேன். நான்கு முறை அழைத்தார். நான்கு முறையும் கூசாமல் அதையே சொன்னேன்.

டொக்டர் வரும் வழியில் என்னையும் ஏற்றிக்கொண்டு முசலிக்குப் போய்ச் சேரப் பின்நேரமாகிவிட்டது. பசு விறைத்துக் கிடந்தது. ஹனீபா நானா சத்தம் போடவில்லை.

"வரமாட்டா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, உயிர் இருக்கேக்குள்ளையே அறுத்திருப்பன், தம்பி. அந்த வாயில்லாச் சீவனும் இவ்வளவு நேரம் கிடந்து துடிச்சிருக்காது. செத்தது எங்களுக்கு ஹறாம், தின்னக் கூடாது. இனிக் கிடங்கு வெட்டிப் புதைக்கிறதுதான்."

எனக்குத் தலை நிமிரவில்லை. டொக்டர் முன்னுக்கு வந்து, "பிந்தினது நான், நானா. பிழை என்ரை" என்றார். திரும்பும்போது வாகனத்தில் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நான் வராட்டி, வரமாட்டா எண்டே சொல்லுங்கோ, அண்ணை. அவை வேறை வழி பாப்பினம். அந்த வழியை நாங்கள் எங்கடை வாயாலை அடைக்கக் கூடாது."

அதற்குப் பின் அதைப் பற்றி அவர் ஒரு நாளும் கதைக்கவில்லை. நாலு பேச்சுப் பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடக்கத்துக்கு மறுநாள் கந்தோரைத் திறந்தேன். இப்போது இரண்டு பிரிவுக்கும் டொக்டர் இல்லை. மேலிடத்தில் கேட்டால், பதில் கடமைக்கு ஆள் பார்க்கிறோம் என்கிறார்கள். எங்கே பார்ப்பார்கள்? பக்கத்துப் பிரிவு டொக்டரும் ஏற்கெனவே இரண்டு கந்தோருக்கு ஓடுகிறவர்தான். எட்டரை மணிக்கு முசலிப் பக்கமிருந்து ஒரு பெண் அழைத்தார். பசு விழுந்து கிடக்கிறதாம், எழும்பவில்லையாம். டொக்டர் வாறாவா என்று கேட்டார். பழைய பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"இல்லைத் தங்கச்சி. டொக்டர் காய்ச்சலிலை மோசம் போயிட்டா. வேறை டொக்டரும் இல்லை. பாத்துக்கொண்டிருக்காதேங்கோ."

றெஜினா டொக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த உண்மையைச் சொல்லும் துணிவு மட்டும்தான். அந்தப் பெண், "அப்ப நான் இப்ப என்ன செய்யிறது, அண்ணை?" என்று கேட்டார். அதற்குப் பதில் தெரிந்தவரை முதல்நாள்தான் மண்ணுக்குள் வைத்திருந்தோம்.