ஞானபாக்கியம் விற்க மறுத்த உரம்

புன்னைக்காயல் கரையில் சாளை மீன் மிதமிஞ்சி விழுகிற நாளில் மற்றவர்கள் கையைப் பிசைவார்கள். ஞானபாக்கியம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்குவாள். விலைபோகாத மீனை மொத்தமாக வாங்கி, உப்புப் போடாமல் மணலில் காயவைத்து, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு உரமாக மாட்டுவண்டியில் கொண்டுபோவாள். வண்டி நுழைந்ததும் தெருக்கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். அதற்காகத் தலைகுனிந்தவள் இல்லை அவள். "மூக்கைப் பொத்துதவுகதான் அந்த வெத்திலயையும் மெல்லுதாக" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டு, இன்னும் நிமிர்ந்து உட்காருவாள்.

அவள் புருஷன் ஜேசுபாதம் சங்கு குளிப்பவன். சீசன் முழுக்கத் தூத்துக்குடியில் கிடப்பான். குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது உர வியாபாரம். ஊரைத் தூக்கி நிறுத்தியதோ, ஆறு கடலில் சேரும் முகத்தில் தேங்கிக் கிடக்கும் உப்பங்கழி. கடல் கொந்தளிக்கிற காலத்தில், அந்தக் கழியின் முழங்கால் தண்ணீரில் மடவை மீனும் நண்டும் பிடித்துத்தான் எல்லா வீட்டிலும் உலை கொதிக்கும். யுத்தம் வந்து அரிசி ரேஷனுக்குப் போன பிறகு, கழி இல்லாவிட்டால் பட்டினிதான்.

அதே யுத்தத்தால், கொடிக்கு உரமாகப் போடும் புண்ணாக்கும் அருகிப்போனது. கொடிக்கால்காரர்கள் மீன் உரத்துக்குப் பறந்தார்கள். முன்பு பாத்தியைக் கீறிப் புதைத்து மண் மூடியவர்கள், இப்போது கூலி மிச்சமென்று மேலாகவே அள்ளி இறைத்தார்கள். பாய்ச்சிய தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு வடிகால் வழியே கழியில் இறங்கியது. நாற்பத்து நாலாம் வருஷம் பங்குனியில் ஆற்றுமுகத்தை மணல் அடைத்துக்கொண்டது, தண்ணீர் அசையவில்லை. கழி பச்சைக் குழம்பாய்த் திரண்டது. ஒரு விடிகாலையில் மடவைகள் வயிறு தெரிய மிதந்தன.

சண்டைக் கப்பல் எண்ணெய் கசிந்திருக்கும் என்றார்கள் சிலர். ஞானபாக்கியம் பாசியைக் கையால் விலக்கிக்கொண்டு வடிகால் வாய் வரை நடந்தாள். ஒரு கை தண்ணீரை அள்ளி முகர்ந்தாள். அந்த நாற்றத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நான் வித்த சரக்குல்லா இது!" என்றாள்.

அடுத்த நடை உரத்தோடு வீரபாகுவின் கொடிக்காலுக்குப் போனாள். ஆத்தூரில் பெரிய கொடிக்கால் அவருடையது. அவர் செய்வதைத்தான் மற்றவர்களும் செய்வார்கள்.

"அண்ணாச்சி, உரத்தைப் பழையபடி புதைச்சு மூடுங்க. வடிகாலை நேரா கழிக்கு விடாதீய. அந்தப் பள்ளத்துல வாழை வச்சு அதுக்குத் திருப்புங்க. வாழை குடிச்சது போக மிச்சம் வரட்டும்."

"ஏளா, காசு குடுத்து வாங்குத உரம். எப்படிப் போடணும்னு நீயா சொல்லுவே?"

"உங்க தோட்டத்துல நிக்குத மட்டும் அது உங்க உரம். எங்க கழிக்கு வந்தா என் சரக்கு. என் சரக்கை இனி உங்களுக்குத் தர மாட்டேன்."

அவர் சிரித்தார். அவள் ஒரு கூடைகூட இறக்காமல் வண்டியைத் திருப்பினாள்.

ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. அவளைப் போலவே உரம் விற்கும் ரோஸ், ஞானபாக்கியத்தின் வாசலில் வந்து நின்று கத்தினாள். "நம்ம கஞ்சியில மண்ணள்ளிப் போடுதியேளா! நீ நிறுத்துனா நாங்களும் நிறுத்தணுமோ?"

"மீன் செத்துப்போனா கஞ்சிக்குத் தொட்டுக்க மண்தான் இருக்கும். போ, போய் வித்துட்டு வா."

ரோஸ் விற்றாள். பத்துப் பதினைந்து நாளில் கழி மறுபடி நாறியது. ரோஸ் கழியில் வைத்திருந்த பறிக்கூடைக்குள் நண்டுகள் அத்தனையும் செத்துக்கிடந்தன. பறியைத் தூக்கிவந்து ஞானபாக்கியத்தின் முன்னால் கொட்டினாள். மறுநாள் புன்னைக்காயலிலிருந்து ஒரு வண்டியும் கிளம்பவில்லை.

வைகாசியில் ஆத்தூர் வெற்றிலை வெளுக்கத் தொடங்கியது. வீரபாகு துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கரைக்கே வந்துவிட்டார்.

"இது யுத்த காலம். நீ விளைச்சலைத் தடுக்கேன்னு தாசில்தார்ட்ட ஒரு வார்த்தை சொன்னேன்னா உள்ள தள்ளிருவாக."

"சொல்லுங்க. நானும் வாரேன். வெத்தில எப்பம் அண்ணாச்சி சோறாச்சு? எங்க மீனுதான் சோறு. அதை யாரு தடுக்காகன்னு அவுககிட்டயே கேப்போம்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். வீரபாகு சிரிக்கவில்லை. மூக்கிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, திருப்புதேன்" என்றார்.

வாய்ச்சொல்லை அவள் நம்பவில்லை. ரோஸையும் கூட்டிக்கொண்டு போய், வடிகால் மண்போட்டு அடைபட்டு, பள்ளத்தில் வாழைக்கன்று இறங்கும்வரை கொடிக்கால் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகுதான் உரம் இறங்கியது.

மறுகோடையில் தெற்குக் கழியில் தண்ணீர் தெளிந்து தரை தெரிந்தது. வடக்கு மூலை மட்டும் பச்சையாகவே நின்றது. அங்கே செந்தூர்பாண்டி என்பவரின் கொடிக்கால். அவர் துறைமுகத்தில் ஆள் பிடித்து, சீனி போல வெள்ளையாக இருக்கும் சீமை உரத்தை மூட்டையாக வாங்கிப் போட்டார். மீன் உரம் அவருக்குத் தேவையில்லை. அதனால் ஞானபாக்கியத்துக்கு அவரிடம் பிடி ஏதும் இல்லை.

அவள் பெண்களோடு மண்கூடை சுமந்துபோய் அவருடைய வடிகால் வாயைக் கழிக்கரையில் அடைத்தாள். தண்ணீர் திரும்பிக் கொடிக்காலுக்குள்ளேயே தேங்கியது. வெற்றிலைக்கொடிக்குத் தேங்கின தண்ணீர் ஆகாது. செந்தூர்பாண்டி மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு அடைச்சிய?"

"யாரைக் கேட்டு விட்டிய?"

அவர் வெட்டிவிட்டுப் போனார். அவர்கள் அடைத்தார்கள். அந்தக் கோடை முழுக்க அவர் வெட்டுவதும் இவர்கள் அடைப்பதுமாகவே கழிந்தது. சலித்தது அவருக்குத்தான். ஆடி பிறக்குமுன் அவரும் வாழைக்குப் பள்ளம் தோண்டினார், வழியில் போகிறவர்களிடமெல்லாம் ஞானபாக்கியத்தைத் திட்டிக்கொண்டே.

அந்தத் திட்டு சங்குச் சீசன் முடிந்து வந்த ஜேசுபாதத்தின் காதுக்கும் எட்டியது. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "ஊரெல்லாம் பகைச்சுக்கிட்டு என்னத்தளா கண்டே?" என்றான்.

அவள் குசினியிலிருந்து சட்டியைத் தூக்கிவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"கழி மடவை. தின்னுட்டுப் பேசும்."