இரண்டு விரற்கடை உயரம்

புதிதாகப் பொருத்திய ஷாக் அப்சர்பரின் கடைசி போல்ட் முறுக்க வரவில்லை. அண்ணன் ஸ்பானரின் மேல் காலை வைத்து ஏறி மிதித்தான். போல்ட் முனகிவிட்டு வழிக்கு வந்தது. நிமிர்ந்தவன் அவளைப் பார்க்கவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த வெல்டரிடம் சொன்னான்.

"வண்டிக்காரங்கள ஏறி உக்காரச் சொல்லு."

வண்டிக்காரங்க என்றது கூடப்பிறந்த தங்கையை. இரண்டு வருடமாக அண்ணன் அவளிடம் நேராகப் பேசுவதில்லை. அவளும் அப்படித்தான். நடுவில் அகப்பட்டவர் வெல்டர். ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு என்று அவர் காலையிலிருந்து நான்கு தடவை முணுமுணுத்துவிட்டார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். குள்ளமாக இருந்ததால் வீட்டில் அவளுக்கு அரைப்படி என்று பெயர் வைத்தவனும் அண்ணன்தான். பத்து வயதில் வைத்த பெயர், நாற்பத்தொன்றிலும் பொருந்தியது. கல்யாணம் ஒன்றரை வருடத்தில் முடிந்துபோனது. பரிசோதனைக்கூடத்தில் கிடைத்த வேலை மட்டும் நின்றது. பதினோரு கிளினிக்குகளுக்கு ஸ்கூட்டரில் போய் ரத்த மாதிரிக் குழாய்களை வாங்கி வர வேண்டும். பதினான்கு வருடம் அப்படியே ஓடியது. இந்த வருடம் கூடத்தில் பெரிய குளிர்பெட்டி வாங்கினார்கள். அது ஸ்கூட்டரில் உட்காராது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத்தான் இனி வெளிவேலை, மற்றவர்கள் குழாய் கழுவும் பிரிவுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். கழுவும் பிரிவு இரவு வேலை.

அவள் வீட்டில் படுக்கையோடு படுக்கையாக அம்மா இருந்தாள். இரவில் இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொள்வது பெரிய காரியமாக இல்லை. நிறுத்துவதுதான் கஷ்டம். போன வாரம் மேற்பார்வையாளர் முன்னால் சரிவில் நிறுத்தியபோது கால் தரைக்கு எட்டாமல் பெட்டியோடு சாய்ந்தாள். இன்னும் ஒரு தடவை பார்க்கிறேன் என்று அவர் கொடுத்த கெடு நாளைக் காலை ஒன்பது மணி. வண்டியின் உயரத்தைக் குறைக்க மற்ற பட்டறைகளில் ஒரு வாரம் கேட்டார்கள். குட்டையான ஷாக் அப்சர்பர் கையிருப்பில் இருந்தது அண்ணனிடம் மட்டும். நான்கு வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்த நேரமாகப் பார்த்துப் போனாள். அவர்கள் எதிரில் அவனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

வேலை சுத்தமாகத்தான் இருந்தது. பின்பக்கம் இறக்கிய அளவுக்கு முன்பக்க ஃபோர்க்கையும் இறக்கியிருந்தான். சீட்டின் பஞ்சைச் செதுக்கி எடுத்திருந்தான்.

"குதிகால் படுதான்னு கேளு."

"படுதுன்னு சொல்லுங்க."

"இதுக்கு மேல இறக்கினா வண்டிய இடுப்புல கட்டிக்கிட்டு நடக்கலாம்னு சொல்லு."

"வயிறு எரியிறவங்களத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

வெல்டர் பீடி ஒன்றை எடுத்து, பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டார்.

அவள் இறங்கி, சைடு ஸ்டாண்டைப் போட்டாள். வண்டி சாயவில்லை. காவலுக்கு நிற்பவனைப்போல விறைப்பாக நின்றது. ஒற்றை விரலால் தொட்டாள். மறுபக்கம் கவிழப் போனதைப் பாய்ந்து பிடித்தாள். அப்பா காலத்திலிருந்து இந்தப் பட்டறையில் புழங்கியவளுக்கு இது தெரியாததல்ல. வண்டியை இறக்கினால் ஸ்டாண்டையும் வெட்டிக் குட்டையாக்க வேண்டும். வெட்டாமல் விட்டால், பின்னால் பெட்டியை வைத்ததும் விழும். இதை மறக்கிற மெக்கானிக் கிடையாது.

ஸ்டாண்டு வெட்டவில்லையே என்று வெல்டரிடம் கேட்டாள். வெல்டிங் மெஷின் ரிப்பேர், ரெண்டு நாள் கழித்து வரச்சொல்லு என்றான் அண்ணன். அரைமணி முன்னால் அதே மெஷினில்தான் ஒரு சைலன்ஸரை ஒட்டினார் வெல்டர். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வீட்டில் ஐந்து வாய்.

"அண்ணா," என்றாள் அவள். இரண்டு வருடத்தில் முதல் தடவை. "இது விழும்."

அவன் கையைத் துணியில் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"விழட்டும். நாளைக்கு நீ விழுந்தா நாளைக்கே அம்மா இங்க வந்துடும். மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அம்மா ஏன் மக வீட்ல கிடக்குதுன்னு கடைக்கு வர்றவனெல்லாம் கேக்குறான்."

"உன் வீட்ல இருந்தப்ப அவங்க முதுகுல உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு. அதப் பாத்துட்டுத்தான தூக்கிட்டுப் போனேன்."

"பாத்தவ நீ ஒருத்தி. உன் வாய எவன் நம்புவான்."

வெல்டர் எழுந்து கடைக்குப் பின்னால் போய்விட்டார்.

அவள் ஸ்டாண்டை மடக்கினாள். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். அண்ணன் வாசலை மறித்து நின்றான். அவள் ஹாரன் அடிக்கவில்லை. கிளட்சை விட்டாள். முன்சக்கரம் முழங்காலைத் தொடும்போது அவன் ஒதுங்கினான்.

மறுநாள் ஒன்பது மணிக்குச் சரிவில் நிறுத்திக் காட்டினாள். இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் இருந்தன. மேற்பார்வையாளர் தாளில் குறித்துக்கொண்டு உள்ளே போனார். பத்து கிளினிக்குகளில் வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஆறாவது கிளினிக்கின் முன் சுவர் இல்லை. பக்கத்து மருந்துக்கடைக்காரரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் ஒரு கையால் வண்டியையும் மறுகையால் போனையும் பிடித்துக்கொண்டு நின்றார். சுவர்களில் உரசி இடப்பக்கக் கைப்பிடியில் ரப்பர் உரிந்துவிட்டது. மதியம் பஸ் டிப்போ அருகில் வேறொரு வெல்டர் ஸ்டாண்டை இரண்டு விரற்கடை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டாமா, எவன் பார்த்த வேலை என்று கேட்டார். தெரிந்தவர்தான் என்றாள். வீட்டுக்கு வந்து அம்மாவை இடப்பக்கம் திருப்பினாள். அண்ணன் எப்படி இருக்கான் என்று அம்மா கேட்டாள். கடை நடக்குது என்றாள். பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த அவளுடைய பட்டியலில் அடுத்த வாரத்திலிருந்து பன்னிரண்டாவதாக ஒரு கிளினிக் சேர்ந்திருந்தது.