செல்வி யாருடைய ஆள்?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, தன் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பற்றி என் மகள் சொன்னாள். நாகலூர்ப் பக்கமிருந்து வருகிறாளாம். மதிய இடைவேளையில் மரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம்.

"நீங்க கூப்பிடலையா கண்ணு?"

"அவ வேற குரூப்புப்பா. அவிய கூப்பிட்டுக்குவாங்க."

எந்த குரூப்? அது அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு குரூப்... அவ்வளவுதான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். இன்னொரு தடவை ரசம் ஊற்றிக்கொண்டேன். ஆனால் என் ஜீப்பில் வருகிற செல்வியின் ஞாபகம் வந்துவிட்டது.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, நான் எட்டாவது வரை படித்தவன். மிச்சமெல்லாம் ஜீப் கண்ணாடியில் படித்ததுதான். எங்கள் ஊர் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காடு டவுனுக்கும் நடுவே நான் ஓட்டுகிற ஜீப்பில், பின்பக்கம் எதிரெதிராக இரண்டு நீள சீட். இன்னார் இங்கே என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் இடது சீட் சர்ச்சுக்குப் போகிற குடும்பங்களுக்கு, வலது சீட் கோயிலுக்குப் போகிற கடைக்காரர்களுக்கும் ஹோட்டல் வேலைக்காரர்களுக்கும் என்று ஆகிப்போனது. சண்டையா? அதெல்லாம் இல்லை. முட்டியோடு முட்டி இடிக்க, சிரித்துப் பேசிக்கொண்டுதான் வருவார்கள். ஆனால் முதலில் ஏறுகிறவர் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார் இல்லையா... அது எப்போதும் தன் பக்கத்து ஆளுக்குத்தான். எஸ்டேட்டில் ஆள் எடுக்கிறார்கள், ரேஷனில் மண்ணெண்ணெய் வந்திருக்கிறது — எந்தச் சேதியும் முதலில் தன் சீட்டுக்குள்ளேயே ஓடி முடியும். அப்புறம்தான் எதிர் சீட்டுக்குத் தாவும்.

செல்வி கீழே சேலத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவனுக்குக் கட்டட வேலை. பாதி நாள் ஊரில் இருக்க மாட்டான். இவளுக்கு டவுனில் ஒரு பள்ளி விடுதியின் சமையல்கட்டில் வேலை. ஏற்கெனவே இரண்டு தடவை தாமதமாகப் போயிருக்கிறாள். இன்னொரு தடவை ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு நாள் முன் சீட்டில் உட்கார நேர்ந்தபோது என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

மற்ற நாட்களில் அவளுக்கு இடமென்று ஒன்று கிடையாது. இடதோ வலதோ, காலியாக இருக்கிற கடைசி ஓரம்.

போன மழைக்காலத்தில் எங்கள் வழியில் சின்னப் பாலம் ஒன்று உள்வாங்கிவிட்டது. மறுநாள் காலை ஆறரைக்கு ரோட்டை மறித்து வேலை ஆரம்பிக்கப் போகிறோம், பொழுது சாயும் வரை வண்டி விடமாட்டோம் என்றார்கள். அதனால் ஏழு மணி ஜீப் ஆறுக்கே கிளம்பும் என்று கடைசி டிரிப்பில் வந்த இரண்டு பேரிடம் சொல்லி அனுப்பினேன். இடது சீட்டில் ரோஸ்மேரி அக்கா, எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்ப்பவர். வலது சீட்டில் பழனிசாமி அண்ணன், டவுனில் மளிகைக்கடை வைத்திருப்பவர். இந்த இரண்டு பேரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

காலை ஆறு மணிக்கு ஜீப் நிறைந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். கடைசி ஓரம் மட்டும் காலி.

"செல்விக்கு யாருங்க சொன்னீங்க?"

அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அக்காவைப் பார்த்தார்.

"நீங்க சொல்லீருப்பீங்கன்னு உட்டுட்டனுங்க. உங்க ஆளுங்களாச்சே" என்றார் அண்ணன்.

"எங்க ஆளா? கோயில் தேங்காமூடியோட ஜீப்புல ஏறுனத நானே பாத்தனுங்க."

"நெத்தியில பொட்டே வெக்கறதில்லீங்களே அந்தப் புள்ள."

ஒட்டுப் பொட்டு வைத்தால் அவளுக்கு அரிக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆக, ஒரு வருஷமாக எங்களோடு வந்து போகிற பெண், இடது சீட்டுக்கு வலது ஆள். வலது சீட்டுக்கு இடது ஆள். யாரும் அவளை ஒதுக்கவில்லை. அவளுக்கு வேண்டியவர்கள் இருப்பார்கள் என்று நல்லவிதமாகத்தான் நினைத்தார்கள். நல்லவிதமாக நினைத்தே ஒருத்தியைத் தனியாக விட முடியுமா? முடிந்திருக்கிறதே...

"போலாமுங்க டிரைவரு, மறிச்சுருவாங்க" என்றார் ஒருவர். அவரையும் தப்பு சொல்ல முடியாது. அவருக்கும் வேலை இருக்கிறது. நான் இன்ஜினை அணைத்தேன்.

அதற்குள் ரோஸ்மேரி அக்கா இறங்கியிருந்தார். உங்களுக்கு முட்டிவலி, நீங்கள் உட்காருங்கள் என்று பழனிசாமி அண்ணனும் இறங்கினார்.

"அந்தப் புள்ள ஊடு எதுன்னு தெரியுமுங்களா?" என்று அக்கா கேட்டார்.

"மேட்டு மேலன்னு தெரியுமுங்க. எந்த ஊடுன்னு தெரியாதுங்க. உங்களுக்கு?"

"எனக்கும் அவ்வளவுதானுங்க."

இரண்டு பேருமே மேட்டில் ஏறினார்கள். பனிமூட்டத்துக்குள்ளிருந்து "செல்வி... ஏ கண்ணு..." என்று ஆளுக்கொரு பக்கம் கூப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வந்தபோது செல்வியின் ஈரத்தலையில் துண்டு. அவள் கை அக்காவின் பிடியில். வெறுங்காலோடு ஓடி வந்திருக்கிறாள். அவள் செருப்பு? மளிகைக்கடை முதலாளியின் கையில். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் சிரித்தோம்.

பாலத்தில் கல்லை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். முதல் தடவையாக இரண்டு சீட்டும் ஒரே குரலில் கெஞ்சின. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கல்லை நகர்த்தினார்.

தாண்டியதும் ரோஸ்மேரி அக்கா மெதுவாகக் கேட்டார்: "தப்பா நெனச்சுக்காத கண்ணு. நீ எந்தப் பக்கத்து ஆளு?"

செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"நானுங்களா? மஞ்சக்குட்டைங்க."



அன்று விடுதி அடுப்பு நேரத்துக்குப் பற்றியது. செல்வி இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். மறுநாள் காலை அவளுக்கென்று இடது சீட்டில் ஒரு துண்டு, வலது சீட்டில் ஒரு துண்டு. எதில் உட்காருவது என்று தெரியாமல் அவள் முழித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

இதை மகளிடம் சொன்னேன். அவள் தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டாள். திங்கட்கிழமை காலை, அம்மாவிடம் இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கி டிபன் பாக்ஸில் திணித்துக்கொண்டிருந்தாள்.

எந்த குரூப்புக்கு என்று நான் கேட்கவில்லை.