தண்ணி விழுதா?

ஒன்றுமே இல்லாத இடத்தில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்காசியில் தேர் நிற்கிற வீதிக்குப் பக்கத்தில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய ரேடியோ ரிப்பேர் கடை. கரண்டு ஏறி இறங்கி ஊரில் பாதி ஃபிரிட்ஜ் புகைந்த காலத்தில் ஸ்டெபிலைசர் பட்டறை. பிறகு குற்றாலம் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, மழையில் நனைகிற வயர்லெஸ் கருவிகளுக்கு நீர் புகாத பெட்டி. இன்று அதே இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. ராணுவத்துக்கு ரகசியச் செய்திப் பெட்டிகள் அங்கிருந்து போகின்றன. கம்ப்யூட்டர் வழியாக நடக்கும் திருட்டைக் காவல் காக்க மேல்மாடியில் தனிப் பிரிவே இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவன் இதையெல்லாம் செய்தான் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், கட்டடம் நிற்கிறது, வந்து பார்க்கலாம். ஆனால் என் பீரோவில் நீலத்துணி அட்டை போட்ட நீளமான ரிஜிஸ்டர் ஒன்றும் இருக்கிறது. அது நான் கட்டியது இல்லை. எழுதியவர் டீச்சர். அதைப் பற்றி இத்தனை வருடம் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தவன்தான் நான்.

டீச்சர் என்றே எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். கணவர் சவுதியில். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டு வேலையும் முடித்து, அஞ்சல் வழியில் கம்ப்யூட்டர் படிப்பு முழுவதையும் படித்து முடித்திருந்தார். என் பட்டறைக்கு முதல்முறை வந்தது சண்டை போடத்தான். கருப்பு புர்காவும் கையில் கருகிப்போன என் ஸ்டெபிலைசருமாக வாசலில் நின்றார். "ஒங்க பெட்டி என் கம்ப்யூட்டரை எரிச்சிட்டு அண்ணாச்சி. உள்ள ஒரு இணைப்பு தப்பா இருக்கு. கழட்டுங்க, காட்டுதேன்" என்றார். கழற்றினேன். காட்டினார். தப்பு இருந்தது. அது வரை தென்காசியில் ஒருவரும் என் பெட்டியில் தப்புக் கண்டுபிடித்ததில்லை என்று நான் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். பார்க்கத் தெரிந்தவர் அதுவரை வரவில்லை என்பதுதான் உண்மை. அடுத்த மாதமே பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தார்.

ரகசியச் செய்திப் பெட்டியை நான் செய்தேன், அதற்குள் இருந்த மூளை அவருடையது. பேசுகிற பேச்சையும் அனுப்புகிற செய்தியையும் கலைத்துப்போட்டு, உரிய சாவி உள்ள ஆளிடம் மட்டும் திரும்ப அடுக்கிக் கொடுக்கிற கருவி அது. அந்தக் கலைப்பும் அடுக்கும் முழுக்கக் கணக்கு, அந்தக் கணக்கு முழுக்க டீச்சர். நீர் புகுகிறதா என்று பார்க்கச் சோதனை அறை கட்ட வழியில்லாத நாளில் பெட்டிகளைக் கயிற்றில் கட்டி, பழைய குற்றால அருவிக்குக் கீழே நானே பிடித்துக்கொண்டு நிற்பேன். குளிக்க வந்தவர்கள், "என்ன அண்ணாச்சி, பெட்டிக்கு எண்ணெய் தேச்சாச்சா?" என்று கேலி பண்ணுவார்கள். டீச்சர் குடையைப் பிடித்தபடி பாறையில் நின்று நேரம் குறித்துக்கொள்வார். எங்கள் இன்ஜினியர் பிள்ளைகள் சோதனை முடிவை மட்டும் எழுதிக் கொண்டுபோனால் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். "விடையை மட்டும் எழுதுனா மார்க்கு கெடையாது. வழியையும் எழுதிட்டு வாங்க" என்பார். இன்றைக்கும் எங்கள் மேல்மாடியில் அந்த வார்த்தை புழங்குகிறது. யார் சொன்னது என்று அங்கே உள்ள பாதிப் பேருக்குத் தெரியாது.

கொட்டகை இடத்தில் சின்னக் கட்டடம் ஒன்று எழுப்பி, ராணுவ வேலைக்கு நாங்கள் தகுதி பெறப் பார்த்தபோது கம்பெனியின் பாதுகாப்பு முழுவதையும் டீச்சரிடம் ஒப்படைத்தேன். அவர் போட்ட சட்டங்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. கழுத்தில் அட்டை இல்லாமல் கதவு திறக்காது. மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும். ஒரு நாள் அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். வாட்ச்மேன் என்னை மறித்துவிட்டான்.

"ஏலே, நான் கட்டுன கட்டடம்லா இது!"

"கட்டடம் ஒங்களுதுதான் மொதலாளி. கதவு டீச்சருக்குள்ளது. தொறந்தா என்னை ஏசுவாவ."

வெயிலில் கால்மணி நேரம் நின்றேன். டீச்சர் வந்து, என் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார். வெளியே சிரித்தேன். உள்ளே எரிந்தது. அந்த எரிச்சல்தான் பின்னால் நடந்ததற்கு விதை என்று இப்போது தோன்றுகிறது.

பாஸ்வேர்டு விஷயத்தில் நான் மசியவில்லை. எனக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், சொற்கள் நிற்காது. அதனால் ஒரு தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்திருந்தேன்: தண்ணி விழுதா. எங்கள் பக்கம் ஆனி பிறந்தால் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. சென்னையிலிருந்து பேசுகிற மருமகனும், துபாயிலிருந்து பேசுகிற கூட்டாளியும், பஸ்ஸை விட்டு இறங்குகிற சம்பந்தமில்லாத ஆளும் முதலில் கேட்பது அருவியில் தண்ணி விழுதா என்பதுதான். மறக்கவே முடியாத சொல் அல்லவா? என் கணக்கு திறந்தால் கம்பெனியில் எல்லாமே திறக்கும், ஏனென்றால் முதலாளிக்குத் தெரியாத அறை எதுவும் இருக்கக் கூடாது என்று அதையும் நான்தான் சண்டை போட்டு வாங்கியிருந்தேன்.

சட்டத்திலிருந்து யாருக்காவது விலக்குக் கொடுத்தால் அதைப் பதிந்து கையெழுத்து வாங்குவதற்கென்று டீச்சர் போட்டதுதான் அந்த நீல ரிஜிஸ்டர். மாதம் பிறந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வருவார்.

"அண்ணாச்சி, தென்காசியில எறங்குதவன் எல்லாம் கேக்குற கேள்வியப் போயி சாவியா வச்சிருக்கிய. இந்த மாசமாவது மாத்துங்க."

"அதனாலதான் டீச்சர் எனக்கு மறக்காது."

"ஒங்களுக்கு மட்டுமா மறக்காது?"

நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவேன். தமிழில், பெரிதாக, கட்டத்துக்கு வெளியே வழிகிற மாதிரி. காரணம் என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் அவர் ஒரே சொற்களைத்தான் எழுதினார்: முதலாளி மாற்ற மறுக்கிறார்.

ராணுவத்தின் பெரிய ஆர்டருக்கு முன்னால் எங்களைச் சோதிக்க மூன்று பேர் வந்தார்கள். பெட்டி நனைகிறதா என்று பார்ப்பவர்கள் அல்ல. எங்கள் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்களைப் போல நுழைய முடிகிறதா என்று பார்ப்பவர்கள். மூன்று நாள் முயன்றார்கள். முடியவில்லை. டீச்சர் போட்ட பூட்டு ஒன்றும் அசையவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நான்காம் நாள் காலையில் நான் அவர்களை ஐந்தருவிக்கு அழைத்துப் போனேன். நல்ல சாரல். வந்தவர்களை எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்தாமல் அனுப்பினால் எங்கள் ஊருக்கே குறைச்சல் இல்லையா? எண்ணெய் தேய்க்கிறவர் என் முதுகில் அறைந்துகொண்டிருக்க, கல்லில் குப்புறப் படுத்தபடி நான் பேச ஆரம்பித்தேன்.

"மூணு நாள் முட்டிப் பாத்திய, முடிஞ்சுதா? என் சாவி எங்க இருக்கு தெரியுமா? பேங்குல பூட்டி வைக்கல. குத்தாலத்துக்கு வாரவன் போறவன் எல்லாரும் அதை வாயிலதான் வச்சிக்கிட்டு அலையுதான். ஆனா அது சாவின்னு ஒருத்தனுக்கும் தெரியாது!"

எண்ணெய் தேய்க்கிறவர் சிரித்தார். வந்த மூவரில் ஒருவர் மதுரைக்காரர். தலையைத் துவட்டிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்: "அப்படியா சார்? ஆமா, மெயின் அருவியிலயும் நல்லா தண்ணி விழுதா?"

நான் கல்லிலிருந்து எழுந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். "பாத்தியளா, நீங்களும் கேட்டுட்டிய!"

அவர் சிரிக்கவில்லை. அதைக் கவனிக்கிற புத்தி அன்று எனக்கு இல்லை.

மறுநாள் எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தார்கள். சுவரில் வெளிச்சம் விழுந்தது. அதில் எங்கள் பெட்டியின் உள்வரைபடம், ஒவ்வொரு கம்பியும் தெரிய. முதலாளியின் கணக்கு வழியாக உள்ளே வந்ததாகவும், கால்மணி நேரம்கூட ஆகவில்லை என்றும் மதுரைக்காரர் சொன்னார். அந்தச் சொல்லை எங்கே பிடித்தார் என்பதைச் சபையில் சொல்லாமல் விட்டது அவர் எனக்குக் காட்டிய மரியாதை. குழுவின் தலைவர் கேட்டார்: "இவ்வளவு பலவீனமான சொல்லை ஒரு வருடமாக யார் அனுமதித்தது?"

பேச என் முறை வந்தது. அருவிக்குக் கீழே பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், எந்த அதிகாரிக்கும் அஞ்சாதவன் என்று பேர் வாங்கியவன், எழுந்து நின்று சொன்னேன்: "நான் அஞ்சாங்கிளாஸ் சார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இதெல்லாம் டீச்சர் பொறுப்பு. அவங்க போட்டுத் தந்ததை நான் அடிச்சேன், அவ்வளவுதான்."

எந்தப் படிப்பின்மையை வாழ்நாள் முழுக்க நெஞ்சில் பதக்கம் மாதிரிக் குத்திக்கொண்டு திரிந்தேனோ, அதையே எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். டீச்சர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நீல ரிஜிஸ்டர் அவர் மடியில் இருந்தது. திறந்தால் போதும். என் பதினொரு கையெழுத்தும் கட்டத்தை விட்டு வழிந்துகொண்டு அங்கே இருக்கும். தலைவர் அவரைப் பார்த்து, "உங்கள் பதில் என்ன?" என்றார். டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்ட பிள்ளை தானே அழித்து எழுதுமா என்று காத்திருப்பது போல இருந்தது அந்தப் பார்வை. நான் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர், "பாதுகாப்பு என் பொறுப்புதான்" என்றார். அது பொய் இல்லை. அவர் பொய் சொல்லவே இல்லை. அங்கே பொய் சொன்னவன் நான் ஒருவன்தான்.

சாயங்காலம் ரிஜிஸ்டரை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். "இது கம்பெனி பொருள். வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது" என்றார்.

"ஏன் டீச்சர் தொறந்து காட்டல?"

"நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன் அண்ணாச்சி."

பொறுப்பானவரை நீக்கிவிட்டால் மறுபடி சோதித்துப் பார்க்கலாம் என்று வந்தவர்கள் எழுதினார்கள். நீக்கினேன். அவரை வெளியே அனுப்பிய கடிதத்தின் நகலை முன்னால் வைத்துத்தான் அந்த ஆர்டரை வாங்கினோம். அந்த ஆர்டரில்தான் மூன்று மாடியும் எழுந்தன. பாதுகாப்பு மீறல் என்ற சொல் இருந்த கடிதத்தோடு வேறு எந்தக் கம்பெனியும் அவரை எடுக்கவில்லை. ஊர் பேசியது அதைவிடக் கொடுமை. ராணுவ வரைபடம், புர்கா போட்ட பெண், சவுதியில் கணவர் என்று மூன்றையும் சேர்த்துக் கோத்து டீக்கடையில் பேசினார்கள். அப்படிப் பேசுவார்கள் என்று எனக்கு முன்னமே தெரியாது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. தெரியும். அவரைக் கைகாட்டினால் சட்டென்று நம்புவார்கள் என்பதும் எனக்கு அந்த அறையிலேயே தெரிந்திருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

இப்போது கம்பெனிக்கு ஆண்டு விழா மலர் போடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் என் பார்வைக்கு வந்தது. வரி வரியாகப் படித்தேன். நடுவில் ஒரு வரி: ஓர் ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த சோதனையை நிறுவனரின் துணிவு வென்றது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அதுவரை என் பொய் காற்றோடு போனது. இனி அச்சில் நிற்கும், நான் போன பிறகும். மகனைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். அவன்தான் இப்போது கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறான்.

"இப்ப எதுக்குப்பா இதெல்லாம்? பேர் கெட்டுரும்."

"யார் பேருலே?"

அந்த வரியை வேண்டுமானால் எடுத்துவிடலாம் என்றான். எடுப்பது வேறு, திருத்துவது வேறு.

போன வாரம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெரு முனை வரை இரண்டு முறை போய்த் திரும்பியிருக்கிறேன். இந்த முறைதான் கதவைத் தட்டினேன். உள்ளே பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் சத்தம். தலை நரைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, "வாங்க அண்ணாச்சி. அருவியில தண்ணி விழுதா?" என்றார்.

குத்திக்காட்டினாரா, ஊர்ப் பழக்கத்தில் வாயில் வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சீசன் நேரம், தெருவில் எல்லோரும் கேட்கிற கேள்வி. என்னால் விழுது என்று சொல்ல முடியவில்லை. நாற்காலி போட்டார். செம்பில் தண்ணீர் தந்தார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்றேன். "எழுதுங்க" என்றார். உள்ளே போகத் திரும்பியவர், "வழியையும் சேத்து எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன். மலர் போடுகிறவர்களுக்கும் என் மகனுக்கும் இதன் மூலம் சொல்கிறேன். பெட்டிக்குள் இருந்த மூளை யாருடையது என்பதை அவர் பெயரோடு, அவர் சம்மதம் வாங்கி, முதல் பக்கத்தில் போட வேண்டும். ரிப்பேர் கடை, பட்டறை, மூன்று மாடி என்று என் கணக்கில் வரிசையாகப் போட்டிருக்கிறீர்களே, அதற்குக் கீழே நீல ரிஜிஸ்டரின் அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்துப் போட வேண்டும், பதினொரு கையெழுத்தும் தெரிய. பீரோ சாவியைத் தருகிறேன். ராணுவத்தின் பூட்டை வாயாலேயே திறந்து கொடுத்தவன், அந்தப் பழியை ஒரு பெண் மடியில் கட்டியவன் யார் என்று ஊர் தெரிந்துகொள்ளட்டும். அதுவும் நான் கட்டியதுதான். என் பெயரைப் போடுங்கள்.