ஒரு கூறில் எத்தனை தக்காளி

மல்லசமுத்திரம் வாரச் சந்தையில் சௌந்திரம் பத்து வருஷமாகத் தக்காளியும் சின்ன வெங்காயமும் விற்கிறாள். நாலு நாள் மழை பிடித்தால் தக்காளி விலை எங்கே போய் நிற்கும் என்று மண்டிக்காரருக்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள். அவள் புருஷன் காளியண்ணன் போர்வெல் வண்டியில் வேலை. உள்ளூரில் வேலை குறைந்துபோகவே, போன சித்திரையில் திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் வண்டியோடு தான்சானியாவுக்குப் போனான்.

ஞாயிறுதோறும் அங்குள்ள சந்தைக்குப் போய்விட்டுக் கூப்பிடுவான். அதிகம் பேசத் தெரியாத மனுஷன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டதும் பேச்சு தீர்ந்துவிடும். அதனால் காய் விலை சொல்லுவான்.

"தக்காளிய இங்க எடை போடறதில்ல புள்ள. கூறு கட்டி வெக்கறாங்க. ஒரு கூறு ஆயிரம்."

"ஆயிரமா! என்னங்க சொல்றீங்க?"

"அந்தூருக் காசு. நமக்கு முப்பது, முப்பத்தஞ்சு ரூவா. எட்டுப் பழம் இருக்குது. துவரம்பருப்புத்தான் கையில தொட முடியல."

விலையை வைத்தே அவன் வயிறார உண்டானா என்று சௌந்திரம் கண்டுபிடித்துவிடுவாள். பருப்பு ஏறினால் வாங்காமல் வந்துவிடுவான். அதற்குத் திட்டும் வாங்குவான்.

ஐப்பசியில் அங்கே மழை தொடங்கியதாகச் சொன்னான். அந்த வாரம் தக்காளி என்ன விலை என்றாள். அதே ஆயிரம் என்றான். அடுத்த வாரமும் அதே. மூன்றாவது வாரமும் அதே. மழைக்கு அசையாத தக்காளி விலையை அவள் கண்டதில்லை. முகம் காட்டச் சொன்னால் சிக்னல் இல்லை என்றான்.

"கூறுக்கு எத்தன பழம் வெச்சாங்க?"

"எண்ணலியே... அஞ்சாறு இருக்கும்."

போர் போடும்போது குழிக்குள் இறங்கும் ஒவ்வொரு இரும்பு ராடையும் எண்ணியே பழகியவன் அவன். இவர் சந்தைக்கே போகவில்லை. பின்னே எங்கே இருக்கிறார்? காய்ச்சலா? ஜெயிலா? வேறு யாராவது பெண்ணா? அன்று சந்தையில் ஐநூறு ரூபாய் கொடுத்தவருக்கு நூறு ரூபாய்க்குச் சில்லறை கொடுத்துவிட்டுப் பேச்சு வாங்கினாள்.

காளியண்ணனோடு அதே வண்டியில் இருந்த எடப்பாடிக்காரன் கோகுல்ராஜை அழைத்தாள். மூன்று தடவை எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தான்.

"மறைக்காமச் சொல்லு சாமி. உசுரோட இருக்கறாரா?"

"ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்கக்கா. குழிக்குள்ள எறக்கற கேசிங் பைப்பு உருண்டு கால்மேல உழுந்துருச்சுங்க. கணுக்கால் எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டுருக்குதுங்க. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருங்க."

போனைக் காளியண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டச் சொன்னாள். திரையில் தாடியும் ஒட்டிய கன்னமுமாக ஒரு முகம் வந்தது. அவளுக்கு அடையாளம் பிடிபட ஒரு நொடி ஆயிற்று.

"நீ சந்தையில ஒக்காந்துட்டு இதையே நெனச்சுட்டு இருப்பேன்னுதான் சொல்லல."

"சொல்லாம உட்டு மட்டும் நான் நிம்மதியா இருந்தேனுங்களா? என்ன சாப்பிட்டீங்க மூணு வாரமா?"

"கோகுல்ராஜ் தம்பிக்கு நேரமிருந்தா சோறு ஆக்குவான். இல்லீன்னா டீயும் பன்னும்."

மறுநாள் காலை சௌந்திரம் முதல் பஸ் பிடித்துத் திருச்செங்கோட்டில் முதலாளி வீட்டுக்குப் போனாள்.

"கட்டுப் பிரிக்கட்டும்மா, நானே டிக்கெட் போடறேன்" என்றார் அவர்.

"பிரிக்கற அன்னிக்கே ஏறட்டுங்க. தேதி சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போயிக்கறேன்."

மதியம்வரை வாசலிலேயே நின்றாள். முதலாளி வீட்டம்மா சோறு போட்டபோதும் கை நனைக்கவில்லை. கடைசியில் முதலாளி போனில் யாரிடமோ பேசி, கார்த்திகை இருபதாம் தேதி என்று சொன்னார். அதுவரை தினமும் காலையில் முகத்தையும் காலையும் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட்டாள். கால் விரல்கள் நேற்றைவிட வீங்கியிருப்பதுபோலவே ஒவ்வொரு நாளும் தோன்றியது.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் அவன் தடியை ஊன்றி வந்தபோது முகத்தைப் பார்க்குமுன் அவள் காலைத்தான் பார்த்தாள். எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடியிருக்கிறது, படி ஏறும்போது சாய்வு இருக்கும் என்று சேலத்து டாக்டர் சொன்னார்.

தை பிறந்ததும் முதலாளி போனில் கூப்பிட்டார். காளியண்ணன் எழுந்து வெளியே போய்ப் பேசினான். சௌந்திரம் அழுகல் பொறுக்குகிறேன் என்று நல்ல பழங்களையும் தூக்கி எறிந்துகொண்டிருந்தாள்.

அவன் சாய்ந்து சாய்ந்து உள்ளே வந்தான். "மறுபடியும் தான்சானியாவுக்குக் கூப்பிடறாரு. உள்ளூரு வண்டின்னா வாரேன்னு சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு."

அந்தப் 'பாக்கலாம்' எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல், போன் அடிக்கும்போதெல்லாம் அவள் இன்னும் அவன் முகத்தைப் பார்க்கிறாள்.